தாய்மொழியில் விஞ்ஞானம் சொன்ன பேராசிரியர்



இன்றிரவு சமையல் முடிந்ததும் அடுப்பை அணைக்கு முன் ஒரு சிறிய வேலை செய்யுங்கள். காஸ் அடுப்பின் நீலச் சுவாலையில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிப் பாருங்கள். நீலமாக எரிந்த தீ ஒரு கணம் பொன் மஞ்சளாகப் பளிச்சிட்டு மீண்டும் நீலமாகிவிடும். சோறு பொங்கி வழியும்போது இதை நீங்கள் எத்தனையோ தடவை கண்டிருப்பீர்கள். ஆனால், "ஏன் மஞ்சள்? ஏன் சிவப்பாகவோ பச்சையாகவோ எரியவில்லை?" என்று எப்போதாவது கேட்டதுண்டா?

உப்பில் சோடியம் இருக்கிறது. சோடியம் சூடேறினால் மஞ்சள் ஒளியைத்தான் தரும். உலகிலுள்ள ஒவ்வொரு மூலகத்துக்கும் இப்படி ஒரு சொந்த நிறம், இல்லை, நிறங்களின் ஒரு சொந்த வரிசை உண்டு. நமது கைரேகையைப் போல அது இன்னொன்றுக்கு அமையாது. இந்த நிறங்கள் எங்கிருந்து வருகின்றன என்று தேடிப் போனவர்கள்தாம் அணுவின் உள்ளே இருப்பதைக் கண்டறிந்தார்கள்.

அப்படித் தேடியவர்களுள் ஓர் எகிப்திய இளைஞரும் இருந்தார். 1922 ஆம் ஆண்டில் அவருக்கு 24 வயது. தாயும் இல்லை, தந்தையும் இல்லை. லண்டனில் இருந்து கொண்டு, ஐதரசன் வாயுவின் ஒளிக்கோடுகள் வலிமையான மின்புலத்தில் எப்படிப் பிரிகின்றன என்று கணக்கிட்டு எழுதிய கட்டுரை பிரித்தானிய விஞ்ஞான சஞ்சிகையில் வெளியானது. அவர்தான் கலாநிதி அலீ முஸ்தபா முஷர்ரபா.

அவருடைய பெயரை நமது பிள்ளைகளின் பாடநூல்களில் காண்பது அரிது. ஆனால் அவருடைய வாழ்க்கையில் நம் வீடுகளுக்கு, குறிப்பாகத் தாய்மாருக்கு, ஒரு செய்தி இருக்கிறது. அதற்காகவே இக்கட்டுரை.

தலையில் விழுந்த சுமை

எகிப்தின் நைல் நதி கடலோடு கலக்கும் இடத்துக்கு அண்மையில் திம்யாத் என்றொரு துறைமுக நகர் உள்ளது. இந்த நகரின் பெயர் நம் நாட்டு வரலாற்றிலும் தூரத்து உறவாக வரும். 1882 இல் ஆங்கிலேயப் படை எகிப்தைக் கைப்பற்றியபோது, திம்யாத்திலிருந்த படைக்குத் தலைமை தாங்கிய அப்துல் ஆல் ஹில்மி பாஷாவும், ஒறாபி பாஷாவோடு இலங்கைக்கு நாடு கடத்தப்பட்ட எழுவரில் ஒருவர். ஒறாபி பாஷா இங்கிருந்த காலத்தில், அவரது ஊக்கமும் துணை நிற்க, 1892 இல் கொழும்பில் ஸாஹிராவின் தொடக்கமான மத்ரஸா உருவானதை நீங்கள் அறிவீர்கள்.

ஒறாபி பாஷா கண்டியில் இருந்த நாட்களில்தான், 1898 ஜூலை 11 ஆம் திகதி, திம்யாத்தில் அலீ பிறந்தார். தந்தை முஸ்தபா ஊரில் மதிப்பும் வசதியும் கொண்டவர். மார்க்க அறிவும் சீர்திருத்தச் சிந்தனையும் உடையவர். குழந்தைக்கு முதல் பாடங்களை அவரே சொல்லிக் கொடுத்தார்.

வசதி நெடுநாள் நிலைக்கவில்லை. 1907 இல் எகிப்தில் பெரும் பண நெருக்கடி ஏற்பட்டது. பருத்தி வியாபாரத்தில் பணம் போட்ட குடும்பங்கள் பல ஒரே அடியில் வீழ்ந்தன. முஸ்தபாவின் நிலமும் பணமும் போயின. இறுதியில் வீடும் போயிற்று. 1910 இல் அவரும் வபாத்தானார். பன்னிரண்டு வயதுகூட நிரம்பாத அலீ வீட்டுக்கு மூத்த பிள்ளை. அவருக்குக் கீழே ஒரு தங்கையும் மூன்று தம்பிமாரும் இருந்தனர்.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள், சகோதரிகளே. கையில் காசில்லை. ஐந்து பிள்ளைகள். மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது. "படித்தது போதும் மகனே, ஒரு கடையில் போய் நில்" என்று அந்த உம்மா சொல்லியிருந்தால் எவர் குறை சொல்லியிருக்க முடியும்? அவர் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளைகளை அழைத்துக் கொண்டு கெய்ரோவுக்கு இடம் பெயர்ந்தார். தந்தை மறைந்த அதே ஆண்டில் நடந்த ஆரம்பப் பாடசாலைப் பரீட்சையில் அலீ முன்னணியில் தேறினார். அந்தத் திறமையினால் மேற்படிப்புக்குக் கட்டணம் இன்றி இடம் கிடைத்தது.

1914 இல் உயர்தரப் பரீட்சை வந்தது. அதற்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போது உம்மாவும் வபாத்தானார். அந்தத் துக்கத்தோடு பரீட்சை மண்டபத்துக்குப் போன பதினாறு வயதுப் பிள்ளை, எகிப்து முழுவதிலும் இரண்டாம் இடத்தில் தேறினார். அந்தப் பெறுபேற்றைக் காண, அதற்காகப் பாடுபட்ட தாய் இருக்கவில்லை.

ஆசிரியராக வேண்டும்

அவ்வளவு உயர்ந்த புள்ளி பெற்ற பிள்ளை நம் வீட்டில் இருந்தால் நாம் என்ன சொல்வோம்? "டாக்டராகு, அல்லது எஞ்சினியராகு" என்போம். அன்றைய எகிப்திலும் அப்படித்தான் சொன்னார்கள். அலீ இரண்டையும் விட்டு, ஆசிரியர்களைப் பயிற்றும் உயர் கல்லூரியைத் தெரிவு செய்தார். 1917 இல் அங்கிருந்து முதல் மாணவராக வெளியேறினார். அரசாங்கம் புலமைப்பரிசில் கொடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பியது.

நொட்டிங்ஹாமில் கணிதம் படித்துக் கொண்டிருந்தபோது 1919 ஆம் ஆண்டு வந்தது. எகிப்தில் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கெய்ரோவின் வீதிகளில் துப்பாக்கி வேட்டுக்கள் கேட்டன. படிப்பைப் போட்டுவிட்டு நாடு திரும்பிப் போராட்டத்தில் சேர வேண்டும் என்று அலீயின் உள்ளம் துடித்தது. தமது நண்பர் மஹ்மூத் பஹ்மி நுக்ராஷிக்கு எழுதினார். பிற்காலத்தில் எகிப்தின் பிரதமரான அதே நுக்ராஷிதான். "நாட்டுக்குப் போராளி அலீயைவிட அறிஞர் அலீ தேவை" என்ற கருத்தில் அவர் பதில் எழுதினார் என்று கூறுவர்.

அலீ தங்கிப் படித்தார். 1920 இல் பட்டம் பெற்றார். 1923 இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1924 இல், அதற்கு முன் எகிப்தியர் எவரும் பெற்றிராத டீ.எஸ்ஸி. என்னும் விஞ்ஞான முதுபட்டமும் அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

அவர் ஆராய்ந்தது என்ன?

உப்பும் சுவாலையும் பற்றித் தொடக்கத்தில் சொன்னோம். ஐதரசன் வாயுவுக்கு மின்சாரம் கொடுத்து ஒளிரச் செய்து, அந்த ஒளியை ஒரு முப்பட்டைக் கண்ணாடியினூடாகப் பார்த்தால், வானவில் போன்ற தொடர்ச்சியான நிறங்கள் தெரியமாட்டா. கறுப்புத் துணியில் வண்ண நூல்களைத் தனித்தனியே வைத்தது போலச் சில கோடுகள் மட்டுமே தெரியும். அருகில் வலிய காந்தம் வைத்தால் ஒரு கோடு பல கோடுகளாகப் பிரியும். மின்புலத்தில் வைத்தாலும் அப்படியே பிரியும்.

காரணம் என்ன? அணுவுக்குள் இருக்கும் இலத்திரன் நினைத்த இடத்தில் எல்லாம் நிற்க முடியாது. மாடிப்படியில் நிற்பவர் முதற் படியில் நிற்கலாம், இரண்டாம் படியில் நிற்கலாம். ஒன்றரைப் படியில் நிற்க முடியாது அல்லவா? அதுபோல இலத்திரனுக்கும் படிகள் உண்டு. மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு வரும்போது, இடையிலுள்ள சக்தியை ஒளியாக வெளிவிடும். படிகளின் உயரத்துக்கு ஏற்ப ஒளியின் நிறம் அமையும். காந்தமும் மின்புலமும் அந்தப் படிகளைச் சற்றே இடம் பெயர்க்கின்றன. எவ்வளவு பெயர்க்கின்றன என்பதையே முஷர்ரபா கணக்கிட்டார். சக்திச் சொட்டுக் கொள்கை என்ற புதிய இயல் அப்போது தவழும் பருவத்தில் இருந்தது.

1925, 1926 ஆம் ஆண்டுகளில் அந்த இயல் முற்றாகப் புதுப்பிக்கப்பட்டது. முன்னைய கணக்குகள் பல பின் தள்ளப்பட்டன. முஷர்ரபாவின் தொடக்க காலக் கட்டுரைகளும் அவற்றுள் அடங்கும். அவர் சோர்ந்து போகவில்லை. 1929 இலும் 1931 இலும் லண்டன் ரோயல் சங்கத்தின் சஞ்சிகையில் இன்னொரு பெரிய கேள்வியை எழுப்பினார். சடப்பொருளும் ஒளியும் வெவ்வேறானவையா? நீரும் நீராவியும் ஒரே பொருளின் இரு நிலைகளாக இருப்பது போல, இவையும் ஒரே உண்மையின் இரு தோற்றங்களாக இருக்கக் கூடாதா? இக்கேள்வியை உலகப் பெரும் மேதைகள் கேட்டுக் கொண்டிருந்த காலத்தில், கெய்ரோவில் இருந்தும் ஒரு குரல் சமமாக எழுந்தது.

பேராசிரியர், பீடாதிபதி

1925 இல் எகிப்தியப் பல்கலைக்கழகம் அரச பல்கலைக்கழகமாகி, விஞ்ஞான பீடமும் தொடங்கப்பட்டது. முஷர்ரபா அங்கே பிரயோக கணிதத் துறையில் சேர்ந்தார். பேராசிரியராவதற்கு முப்பது வயது நிரம்ப வேண்டும் என்று விதி இருந்ததால், முதலில் துணைப் பேராசிரியராகவே நியமிக்கப்பட்டார். ஆனால் மறு ஆண்டே, இருபத்தெட்டு வயதில், பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது.

அக்காலத்தில் பீடத்தின் பெரும் பதவிகளில் ஐரோப்பியரே அமர்ந்திருந்தனர். 1936 இல் முஷர்ரபா பீடாதிபதியாகத் தெரிவானார். அப்பதவிக்கு வந்த முதல் எகிப்தியர் அவரே.

இவ்வளவோடு நின்றிருந்தால் அவர் மதிப்புக்குரிய ஒரு பேராசிரியராக மட்டும் இருந்திருப்பார். ஆனால் அவருடைய உள்ளத்தை ஒரு விடயம் உறுத்திக் கொண்டே இருந்தது. பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் ஆங்கிலத்தில் நடந்தது. மாணவர் படித்த நூல்கள் எல்லாம் வேற்று மொழி. பல்கலைக்கழக வாயிலைத் தாண்டி வீதிக்கு வந்தால், கடைக்காரருக்கும் கைத்தொழிலாளிக்கும் வீட்டிலிருக்கும் தாய்க்கும் அந்த அறிவின் ஒரு துளிகூடக் கிடைக்கவில்லை.

எனவே அவர் அறபு மொழியில் எழுதத் தொடங்கினார். பொதுமக்களுக்காகப் பேசினார். "நாமும் விஞ்ஞானமும்", "விஞ்ஞானமும் வாழ்வும்", "விஞ்ஞான வாசிப்புகள்" என்று பொருள்படும் நூல்கள் 1940களில் வெளிவந்தன. ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையைப் பற்றியும் அறபியில் தனி நூல் எழுதினார். பெரிய பேராசிரியர் ஒருவர் சாதாரண மக்களுக்காக எழுதுவதை மதிப்புக் குறைவு என்று எண்ணுவோர் எக்காலத்திலும் உண்டு. முஷர்ரபா அப்படி எண்ணவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிய அதே கையால், அதே அக்கறையோடு, கடைத்தெருவில் விற்கும் நூலையும் எழுதினார்.

1945 ஆகஸ்ட் 6 ஆம் திகதி ஹிரோஷிமா நகரின் மீது அணுகுண்டு வீழ்ந்தது. உலகமே திகைத்து நின்றது. அந்தக் குண்டுக்குள் என்ன இருந்தது? ஒரு நகரையே அழிக்கும் சக்தி எங்கிருந்து வந்தது? மக்களின் இந்தக் கேள்விக்கு விடையாக, அதே 1945 இல், "அணுவும் அணுகுண்டுகளும்" என்று பொருள்படும் நூலை அறபியில் எழுதி முடித்தார் முஷர்ரபா.

அணுவைக் குறிக்க அறபியில் வழங்கும் சொல் என்ன தெரியுமா? "தர்ரா". ஆம், நீங்கள் சிறு வயதில் ஓதப் பழகிய ஸில்ஸால் சூறாவில் வரும் அதே சொல்தான். தமிழ்த் தர்ஜமாக்களில் அவ்விடத்தில் "அணுவளவு" என்று இருக்கும். கண்ணுக்கு எட்டாத மிகச் சிறிய துணுக்கு என்பது அதன் பொருள். மக்களின் நாவில் ஏற்கெனவே இருந்த ஒரு சொல்லே புதிய விஞ்ஞானத்தின் வாசற்கதவாகியது. தாய்மொழியில் விஞ்ஞானம் சொல்வதன் அருமை இங்கேதான் இருக்கிறது. அந்நியச் சொல் மனனமாகும். சொந்தச் சொல் மனதில் தங்கும்.

புதைந்து கிடந்த ஒரு நூல்

முஷர்ரபா செய்த இன்னொரு பணியும் மறக்கத்தக்கதல்ல. நமது பிள்ளைகள் "அல்ஜிப்ரா" என்றும், அட்சரகணிதம் என்றும் படிக்கும் பாடத்துக்குப் பெயர் தந்தவர் அல் குவாறிஸ்மி. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கலீபா மஃமூனின் காலத்தில், பக்தாதில் அவர் எழுதிய நூலின் பெயரிலுள்ள "அல் ஜப்ர்" என்ற சொல்லே ஐரோப்பிய மொழிகளில் அல்ஜிப்ராவாகியது. அந்த நூலின் அறபு மூலம் 1831 இல் லண்டனில்தான் முதன்முதலாக அச்சேறியது. பிரதி இருந்ததும் ஒக்ஸ்போர்டில்.

அறபு நூல், ஆனால் அறபு மக்களின் கையில் இல்லை! முஷர்ரபா தம் சக அறிஞர் முஹம்மத் முர்ஸி அஹ்மதோடு சேர்ந்து, ஒக்ஸ்போர்ட் பிரதியைக் கொண்டு அந்நூலைப் பதிப்பித்து, விளக்கக் குறிப்புகளும் எழுதி, 1930களின் இறுதியில் கெய்ரோவில் வெளியிட்டார். லண்டனில் அச்சேறி நூறு ஆண்டுகளுக்குப் பின்னரே அது அறபு நாட்டு மாணவர் கையை அடைந்தது.

அந்நூலில் என்ன இருக்கிறது என்று அறிந்தால் வியப்பீர்கள். அதன் பெரும் பகுதி வாரிசுப் பங்கீடு பற்றியது. நமது மத்ரஸாக்களில் பராயிழ் என்று ஓதிக் கொடுக்கப்படுவதுதான். ஒரு பெண் வபாத்தாகிறார். கணவர், ஒரு மகன், மூன்று பெண் மக்கள் இருக்கிறார்கள். சொத்தை எப்படிப் பங்கிடுவது? கணவருக்குக் காற்பங்கு. மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு, மகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. சொத்தை 20 கூறாக வைத்தால் கணக்குச் சீராக வரும்: கணவருக்கு 5, மகனுக்கு 6, மகள்மாருக்கு மும்மூன்றாக 9. இப்படிப்பட்ட கணக்கில் ஒரு மகளின் பங்கு ஒரு நெல்மணியளவும் குறைந்துவிடக் கூடாது என்ற தேவைக்கும் உதவிய கலைதான் அட்சரகணிதம்.

இன்னொரு கணக்கும் அதில் புகழ் பெற்றது. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வருகிறது. அந்த எண் எது? அல் குவாறிஸ்மி படம் வரைந்து காட்டுகிறார். நீங்களும் பிள்ளையின் கொப்பியில் வரையலாம். முதலில் ஒரு சதுரம். அதன் பக்கம்தான் நாம் தேடும் எண். அதன் இரு பக்கங்களில், ஒவ்வொன்றும் ஐந்து அகலமுள்ள இரு பட்டிகளை ஒட்டுங்கள். இதுவரை மொத்தப் பரப்பு 39. மூலையில் ஐந்துக்கு ஐந்தாக ஒரு வெற்றிடம் இருக்கும். அதை நிரப்ப 25 வேண்டும். 39 உடன் 25 ஐக் கூட்ட 64. முழுச் சதுரத்தின் பக்கம் 8. அதில் பட்டியின் அகலம் 5 ஐக் கழித்தால் 3. சரிபாருங்கள்: 9 உம் 30 உம் 39.

ஓலைப்பாய்க்கு மூலை ஒட்டுவது போன்ற இந்த வழியைப் பார்த்த பின்னும் அட்சரகணிதம் பூதமாகத் தோன்றுமா?

ஒரு மாணவிக்காக

இனி, இக்கட்டுரையின் மிக முக்கியமான பகுதிக்கு வருவோம்.

1917 இல் நைல் படுகையின் கிராமம் ஒன்றில் ஸமீரா மூஸா பிறந்தார். சிறு வயதிலேயே தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். பெண் பிள்ளையின் திறமையைக் கண்ட தந்தை, ஊரை விட்டுக் கெய்ரோவுக்கு வந்து, ஒரு சிறிய ஹோட்டல் நடத்தி மகளைப் படிப்பித்தார். இடைநிலைப் பாடசாலையில் படிக்கும்போதே ஸமீரா அட்சரகணிதப் பாடநூலைத் தாமே எளிமைப்படுத்தி எழுத, தந்தை அதைத் தம் செலவில் அச்சிட்டுக் கொடுத்தார். சக மாணவியருக்கு அது இலவசமாகப் போய்ச் சேர்ந்தது.

ஸமீரா விஞ்ஞான பீடத்தில் சேர்ந்து, 1939 இல் மிக உயர்ந்த நிலையில் பட்டம் பெற்றார். அவ்வளவு திறமை பெற்றவர் ஆண் என்றால், பீடத்திலேயே உதவி விரிவுரையாளராக நியமனம் கிடைத்திருக்கும். ஆனால் இவர் பெண். பெண்கள் பல்கலைக்கழகத்தில் காலடி வைத்தே பத்தாண்டுகள்தான் ஆகியிருந்தன. ஒரு பெண் விரிவுரை மேடையில் நிற்பதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. எதிர்த்தவர்களுள் அந்நிய நாட்டுப் பேராசிரியர்களும் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பெண்ணைத் தடுப்பது கிழக்கு நாட்டாரின் வழக்கம் மட்டும் என்று சொல்வோருக்கு இது பதிலாகும்.

பீடாதிபதி முஷர்ரபா விட்டுக் கொடுக்கவில்லை. தகுதி இருக்கிறது, ஆகவே நியமனம் கிடைக்க வேண்டும் என்பதே அவருடைய வாதம். அதற்காகத் தம் பதவியையே பணயம் வைக்கவும் ஆயத்தமாக நின்றார் என்று கூறுவர். இறுதியில் ஸமீரா நியமனம் பெற்றார். அந்தப் பீடத்தில் விரிவுரை நிகழ்த்திய முதல் பெண்மணி அவரே.

பின்னர் ஸமீரா இங்கிலாந்து சென்று கதிர்ப்புத் துறையில் ஆராய்ச்சி செய்தார். தாயைக் கொண்டு போன நோயை அவர் மறக்கவில்லை. அணுவின் சக்தி குண்டாக வெடிப்பதற்குப் பதிலாக மருந்தாக வேண்டும், அந்த மருந்து ஏழைக்கும் எட்டும் விலையில் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. 1952 ஆகஸ்ட்டில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நேர்ந்த வாகன விபத்தில் அவர் உயிரிழந்தார். வயது முப்பத்தைந்து. அவருக்காக வாதாடிய ஆசிரியர் அதற்கு முன்பே, 1950 ஜனவரியில், ஐம்பத்தொரு வயதில் வபாத்தாகியிருந்தார்.

இருவருடைய வாழ்வும் குறுகியதுதான். ஆனால் ஒரு கதவு திறக்கப்பட்டது. ஒருமுறை திறந்த கதவினூடாக அதன் பின் எத்தனையோ எகிப்தியப் பெண்கள் விஞ்ஞானத்துக்குள் நுழைந்தார்கள்.

நமக்கு என்ன?

முஷர்ரபாவின் இரண்டு பணிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு புறம், ஆங்கிலத்தில் அடைபட்டிருந்த விஞ்ஞானத்தை மக்களின் மொழிக்குக் கொண்டு வந்தார். மறுபுறம், ஆண்களுக்கென்று அடைபட்டிருந்த மேடையில் ஒரு பெண்ணை ஏற்றினார். இரண்டும் இரண்டல்ல. அறிவு எவருடைய தனிச் சொத்தும் அல்ல என்ற ஒரே எண்ணத்தின் இரு செயல்கள்.

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு உண்டு. "உம்மா, இந்தக் கணக்கு எனக்கு ஏறுதில்ல" என்று மகள் கொப்பியை மூடுகிறாள். "எனக்கும் அப்படித்தான் மகள். நம்மட பரம்பரைக்கே கணக்கு வராது" என்று நாமும் சிரித்துக் கொண்டே சொல்லிவிடுகிறோம். ஆறுதலுக்காகச் சொன்ன சொல்தான். ஆனால் பிள்ளையின் மனதில் அது பூட்டாக விழுகிறது. அதே கணக்கை மகன் விட்டுவிட்டால் டியூஷனுக்கு ஆள் தேடுகிறோம். மகள் விட்டுவிட்டால் "பரவாயில்லை" என்கிறோம். இந்த "பரவாயில்லை"யைத்தான் முஷர்ரபா ஏற்க மறுத்தார்.

நமக்கு விஞ்ஞானம் தெரியாதே, எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று கேட்கிறீர்களா? அணுவைப் பற்றி விரிவுரை செய்ய வேண்டியதில்லை. சோடியம் என்ற சொல்கூட வேண்டாம். அடுப்பின் சுவாலையில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவி, "ஏன் மஞ்சள் மகள்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பதில் தெரியாவிட்டால், "எனக்கும் தெரியாது, தேடிப் பார்த்துச் சொல்லு" என்று சொல்லுங்கள். தெரியாது என்று சொல்வதில் வெட்கமில்லை. தெரிந்துகொள்ள அனுமதிக்காமல் இருப்பதில்தான் வெட்கம் இருக்கிறது.

1910 இல், எல்லாம் இழந்த ஒரு விதவைத் தாய், மூத்த மகனைக் கடைக்கு அனுப்பாமல் பாடசாலைக்கு அனுப்பினார். அந்தத் தாய் விரிவுரை செய்யவில்லை, நூல் எழுதவில்லை. அவருடைய பெயர்கூட இக்கட்டுரையில் இல்லை. ஆயினும் அந்த ஒரு முடிவிலிருந்துதான் ஒரு பேராசிரியர் வந்தார்; அவருடைய நூல்கள் வந்தன; ஸமீராவின் நியமனம் வந்தது. அவருடைய நூல்களை அறபு வாசகர் இன்றும் வாசிக்கிறார்கள்.

இன்றிரவு உங்கள் அடுப்பங்கரையிலும் அப்படி ஒரு முடிவு எடுக்கப்படலாம். ஒரு சிட்டிகை உப்பு போதும், சகோதரிகளே!